நான்காவது துளை

இந்தக் காலத்தில் எவனும் சும்மா உதவி செய்வதில்லை. முதலில் உதவிக்கு ஒரு பெயர் வைக்கிறான். பிறகு அதற்கு ஒரு பலகை. பலகைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கிறவன்கூட, நாம் நன்றி சொல்லும்வரை நகர மாட்டேன் என்கிறான். வாங்கிக்கொள்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருகிறார்கள்.

என் மகளும் அப்படித்தான் போய் நின்றாள். "வளரும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கைகொடுப்போம்" என்று எழுதிய பலகைக்குக் கீழே, கூட்டத்தின் ஓரத்தில், மாப்பிள்ளையோடு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் அந்தப் படத்தில்.

விடாமல் படிக்கிறவர்களுக்குக் கதை தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சாலையை ஒட்டி ஓடுகிற மழைநீர்க் கால்வாய்க்குச் சுவர் கட்ட வேண்டும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வேலை முழுசாக ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். இப்போது அந்தப் பலகையில் எழுதிய திட்டத்தின்படி துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டாகச் சின்ன ஆட்களுக்கும் கொடுக்கிறார்கள். பெரிய கம்பெனி மிஷினை இரவல் தரும். வழி சொல்ல ஒரு எஞ்சினியரையும் அனுப்பும். அதில் ஒரு துண்டு என் மகள் பெயருக்கு வந்தது. அதுவரை மாடிப்படியும் காம்பவுண்டுச் சுவரும் கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஜோடி, முதல் தடவையாக சர்க்கார் வேலையில் கால் வைத்தது.

எழுத்து, ஆபீஸ், அதிகாரி எல்லாம் அவள் பாடு. தளத்தில் நின்று வேலை வாங்குவது மாப்பிள்ளை. சுவரின் கடைசிப் பகுதிக்குக் கான்கிரீட் போட்ட அன்று, வேலை முடிகிற நேரத்தில், மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அதோடு விட்டதா? கான்கிரீட் போடும்போது அதிலேயே கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் கட்டிகளாக வார்த்து வைப்பார்கள். க்யூப் என்று பெயர். ஒரு மாசம் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபில் மிஷினுக்குள் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டி தாங்கினால் சுவரும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. மாப்பிள்ளை கடைசியாகப் போட்ட கான்கிரீட்டின் கட்டிகள் மண்ணாங்கட்டி மாதிரி நொறுங்கிவிட்டன.

அவ்வளவுதான், ஊர் வாயைத் திறந்துவிட்டது. சிமெண்டை வெளியே விற்றிருக்கிறான், அதான் நெஞ்சு அடைத்துவிட்டது என்று. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறான்?

சுவரையே துளைத்து உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்போம் என்று வேலையைக் கொடுத்த துறையில் போன வாரம் சொன்னார்கள். தேறாவிட்டால் சுவரை இடிக்க வேண்டும். என் மகள் பெயரைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுவார்கள். அவளை நம்பி இருக்கிற ஆட்களும் வேறு இடம் தேட வேண்டியதுதான். துளைக்கிற நாள் விடிந்தது.

*

நான் போனபோது மகள் சமையலறையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போன் இல்லை, மாப்பிள்ளையின் போன். ஜல்லி லோடு அடிக்கிறவன் எவனோ, விஷயம் தெரியாதவன்.

"இப்ப வேணாம்ணே... அவரா? வெளிய போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

கூடத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. இத்தனை வருஷத்தில் எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் சண்டை போட எனக்கு வேறு ஆளும் இல்லை.

"சம்பந்தி, ஒன்னு கேட்கவா?"

"வேணாம்னா விடவா போறீங்க? கேளுங்க."

"என் பிள்ளை சிமெண்ட் திருடினானா?"

"திருடுறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும். அது உங்க பிள்ளைகிட்ட கிடையாது. டீயில சர்க்கரை பத்தலைன்னா வாயத் திறந்து கேட்கத் தெரியாது அவருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல. 'இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். காசா, பணமா? ஆனால் பார்க்காத ஒன்றை இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்கு வந்துவிட்டேன்.

மகள் தலைக்கவசத்தோடு வெளியே வந்தாள். பின்னாலேயே சம்பந்தியம்மாவும்.

"நீங்க எதுக்கு அத்தை? ஒரே தூசியா இருக்கும்."

"இருக்கட்டும். சாயங்காலம் நீ பாதிதான் சொல்லுவ. உங்கப்பா மீதியைத் திரிச்சுச் சொல்லுவாரு. நானே வந்து பார்த்துக்கிறேன்."

*

கால்வாய்க்குள் இறங்கினால், தளத்தில் எங்களுக்கு முன்பே குடை நின்றுகொண்டிருந்தான். பெரிய கம்பெனி அனுப்பிய எஞ்சினியருக்கு நான் வைத்த பெயர் அது. எப்போதும் கையில் ஒரு குடை இருக்கும். மழைக்கும் விரிக்க மாட்டான், வெயிலுக்கும் விரிக்க மாட்டான். அதை நீட்டி நீட்டி வேலை காட்டுவான்.

"வாங்கய்யா. உட்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கேட்காமல் நாற்காலி போடுகிறவனை நான் நம்புவதில்லை. சம்பந்தியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன்.

துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அதிக வயசில்லை. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மாப்பிள்ளை கடைசியாகக் கான்கிரீட் போட்ட பகுதி நெடுகிலும் நடந்து பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் தானே வட்டம் போட்டார்.

"மூணு எடுத்தா போதும். மூணும் நல்லா இருந்தா இன்னைக்கே வேலையைத் தொடரலாம்னு எழுதிடுவேன். லேப் ரிசல்ட்டைப் பார்த்து மத்ததை முடிவு பண்ணுவாங்க."

ஆட்கள் எல்லாரும் கால்வாய்க்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். துளை போடுகிற மிஷினைச் சுவரில் பொருத்தி ஓட்டினார்கள். பல் கூசுகிற சத்தம். தண்ணீர் பால் மாதிரி வழிந்தது. கடைசியில் உள்ளேயிருந்து உருளையாக ஒரு துண்டை உருவி எடுத்தார்கள்.

கல்லும் காரையும் இறுகி, அரிந்து வைத்த மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். கணீரென்று கேட்டது.

"நல்லா இருக்கு" என்றார்.

"இப்படி கொடும்மா" என்றார் சம்பந்தியம்மா.

"அது லேபுக்குப் போகணும்மா."

"திருப்பித் தந்துடுவேன்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஈரம் புடவையில் ஊறியது. இரண்டாவது துண்டு வெளியே வரும்வரை அதைக் கொடுக்கவில்லை. இரண்டாவதும் நன்றாகவே வந்தது. மூன்றாவதும் வந்தது.

அதிகாரியம்மா நெற்றியைச் சுருக்கினார். "சுவர் இவ்வளவு நல்லா இருக்கு. அப்புறம் எப்படி க்யூப் மட்டும் நொறுங்கும்?"

கலவை மிஷின் ஓட்டுகிறவர் முன்னால் வந்தார். மாப்பிள்ளையோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர். மலை மாதிரி ஆள்.

"மேடம்... அந்தக் கட்டியை நான்தான் போட்டேன்."

"நீங்களா?"

"எப்பவும் அண்ணன்தான் போடுவாரு. அன்னைக்கு அவரைத் தூக்கிட்டுப் போயிட்டோம். திரும்பி வந்து பார்த்தா அச்சு மூணும் காலியா கிடந்துச்சு. கட்டி போடலைன்னா அக்கா பேரு கெட்டுடும்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பாரு. தட்டுல கொஞ்சம் கான்கிரீட் மிச்சம் இருந்துச்சு. இறுகிப் போச்சு. தண்ணி ஊத்திக் கிளறி அதையே போட்டு வச்சேன்."

குடை தலையில் கை வைத்துக்கொண்டான். "இறுகினதுல தண்ணி ஊத்தினா அப்புறம் அது மண்ணுதானே! ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"அதனாலதான் உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது சார். எப்படியும் உடைக்கத்தானே போறாங்க, கட்டின்னு ஒன்னு இருந்தா போதும்னு நெனச்சேன்."

திருடவில்லை, ஏமாற்றவில்லை. முதலாளி செத்துக் கிடக்கும்போது, அவருடைய பெண்டாட்டி பேர் கெடக்கூடாது என்று ஓடி வந்து வேலையை முடித்து வைத்திருக்கிறார் மனிதர். அதுவே மாப்பிள்ளை பெயரில் சேற்றை அள்ளிப் பூசிவிட்டது. யாரைத் திட்டுவது?

"அப்ப என் பிள்ளை?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார் அதிகாரி.

சம்பந்தியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆட்களில் இரண்டு பேர் கலவை மிஷின்காரரைத் தட்டிக்கொடுத்தார்கள். குடை மூக்கை உறிஞ்சினான். நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், தூசி.

அந்த நிமிஷத்தில் கிளம்பி வீட்டுக்குப் போயிருந்தால் என் மகள் தப்பித்திருப்பாள். நானும் இந்த வாரம் நல்ல செய்தியாக எழுதியிருப்பேன்.

*

"எல்லாருமா தூக்கிட்டு ஓடினீங்க?" என்று கேட்டாள் மகள்.

"ஆமாக்கா. ஒருத்தர் பாக்கி இல்ல" என்றார் மிஷின்காரர்.

"வைப்ரேட்டர் பிடிச்சிருந்தவர்?"

"அவருதான் கால் பக்கம் பிடிச்சாரு."

"கடைசி வண்டியைக் கொட்டியாச்சா அப்ப?"

"கொட்டிட்டோம். அண்ணன் எட்டிப் பார்த்து, 'ம், வைப்ரேட்டரை உள்ள விடு'ன்னாரு. அப்பதான்..."

"சரி. அதை யாரு குத்தினது?"

மிஷின்காரர் திரும்பி வைப்ரேட்டர் பிடிக்கிறவரைப் பார்த்தார்.

வீட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். சுவருக்கு இரண்டு பக்கமும் அடிக்கிற பலகைக்கு நடுவே கான்கிரீட்டைக் கொட்டினால் மட்டும் போதாது. வைப்ரேட்டர் குழாயை உள்ளே விட்டுக் குத்தி அதிர வைக்க வேண்டும். அப்போதுதான் கல் கீழே இறங்கிக் காற்று வெளியேறும். இல்லாவிட்டால் வெளியே மொழுமொழுவென்று இருக்கும், உள்ளே பொந்தாக நிற்கும்.

மகள் சாக்பீஸை எடுத்தாள். சுவரின் கடைசிக்கு நடந்தாள். அவளுக்கு முன்னால் போய் நான் மறித்தேன்.

"எங்க போற?"

"நாலாவதா ஒன்னு எடுக்கணும்ப்பா."

"மூணு போதும்னு அவங்களே சொல்லியாச்சு. உன்னை எவன் கேட்டான்?"

"யாரும் கேட்கல."

"அப்புறம் என்ன? வாய மூடிட்டு வீட்டுக்கு நட."

"மேல பஸ் போகுதுப்பா."

தலைக்கு மேலே நிஜமாகவே ஒரு பஸ் போனது. சாலையின் பாரம் முழுவதும் அந்தச் சுவர்மேல்தான். அது எனக்கும் தெரியும். வாலிபத்திலிருந்து பலகை அடித்துப் பிழைத்தவன் நான்.

"ஒரு இடத்துல ரெண்டு கல்லு ஒட்டாம நின்னா சுவர் விழுந்துடாது. வெளியில பூசி விட்டா முடிஞ்சு போச்சு."

"பூசலாம். அவர் இருந்திருந்தா பூச விட்டிருப்பாரா?"

"அவர் இருந்திருந்தா நின்னு குத்தியிருப்பாருடி! இந்தப் பேச்சே வந்திருக்காது!"

கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். என் மகள் முகத்தில் அறைந்த மாதிரி நின்றாள். நான் குடை பக்கம் திரும்பினேன்.

"நீயே சொல்லுப்பா. உன் கம்பெனிக்காரன் இப்படி வலியப் போய்க் காட்டுவானா?"

"மாட்டாங்கய்யா" என்றான்.

"கேட்டியா?"

"கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் வட்டம் போட்டாள். மிஷின்காரரைப் பார்த்து, "இங்கதானே?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

மிஷினை ஓட்டினார்கள். முதலில் அதே சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. மிஷின் தடுக்கி விழுகிற மாதிரி உள்ளே போனது. வெளியே வழிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் சுவர் குடித்துக்கொண்டிருந்தது.

உருவினார்கள். உருளை வரவில்லை. கை நிறைய ஜல்லி கொட்டியது.

அதிகாரியம்மா துளைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சம்பந்தியம்மா எழுந்து வந்தார். சேற்றில் வழுக்கியது. மகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயா விழுந்தான்?"

"இதுக்கு மேலதான், அத்தை. பலகை மேல நின்னுட்டு இருந்தாராம்."

சம்பந்தியம்மா துளைக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது.

"ஒருத்தர்கூட சுவரைப் பார்க்கலை" என்றார். "எல்லாரும் அவனைத்தான் பார்த்திருக்காங்க."

மிஷின்காரர் கால்வாய்ச் சேற்றில் குந்தி உட்கார்ந்து அழுதார். வைப்ரேட்டர் பிடிக்கிறவர் எதிர்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

"இந்தப் பகுதி முழுசா எடுத்துட்டுப் புதுசாப் போடணும்" என்றார் அதிகாரி.

"தெரியும் மேடம்."

"உங்க பேரு திட்டத்துல நிக்குமா நிக்காதான்னு நான் சொல்ல முடியாது. கமிட்டிதான் முடிவு பண்ணும். சுவர்ல பொந்து இருந்ததையும் எழுதுவேன். அதை நீங்களா காட்டினதையும் எழுதுவேன்."

"முதல்ல எழுதுறதைத்தான் படிப்பாங்க" என்றேன் நான். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

அவர் வண்டி ஏறிப் போனதும் என் மகள் ஆட்களிடம் வந்தாள். "இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. தினமும் அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத ஆட்கள். சம்மட்டி தரையில் கிடந்தது. அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க கம்பெனி ஆளுங்களை நாளைக்கு அனுப்பறேன். உடைக்கிற மிஷினும் வரும்" என்றான் குடை.

"வேணாம் சார். வேற ஆளு வந்து உடைக்க வேணாம்."

குனிந்து சம்மட்டியை எடுத்தாள். பேனா பிடித்த கை. தூக்கும்போதே தள்ளாடினாள். முதல் அடி சறுக்கிவிட்டது. இரண்டாவது அடியில் சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி ஒன்று தெறித்தது, அவ்வளவுதான்.

"காலை அகட்டி நில்லுங்கக்கா" என்றார் மிஷின்காரர், அழுகைக்கு நடுவில்.

அகட்டி நின்றாள். மூன்றாவது அடி உள்ளே இறங்கியது. அந்தச் சத்தத்துக்குச் சம்பந்தியம்மாவின் தோள் குலுங்கியது. ஆனாலும் இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து, மிஷின்காரர் எழுந்து இன்னொரு சம்மட்டியை எடுத்து, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

நான் படியேறப் போனேன். குடை பின்னாலேயே வந்தான்.

"ஐயா, ஒரு விஷயம். கமிட்டி ஒத்துக்கிட்டாலும், தளப் பொறுப்புக்குப் படிச்ச ஆள் ஒருத்தரைக் காட்டணும். அவங்க வீட்டுக்காரர் அனுபவத்தை வச்சு அந்த இடத்துல இருந்தாரு. இப்ப அங்க ஆள் இல்ல."

"அதுக்கு?"

"நான் கம்பெனியில விலகுறதா எழுதிக் கொடுத்துட்டேன்."

நின்றேன். "மாசச் சம்பளத்தையா?"

"ஆமாங்கய்யா."

"என் மக கேட்டாளா?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது. உங்ககிட்ட முதல்ல சொல்லலாம்னு."

"எதுக்கு இதெல்லாம்? உனக்கு என்ன வேணும்?"

வாயைத் திறந்தான். அதற்குள் கீழே பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். சுவரைத்தான் பார்த்தானா, அதை உடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறிவிட்டேன். மேலே கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் டீக்கடைக்காரரும் இருந்தார். போன வாரம்வரை மாப்பிள்ளை சிமெண்ட் விற்ற கதையை டீயோடு சேர்த்து விற்றவர்.

"உங்க பொண்ணு தங்கம் பெரியவரே" என்றார். "இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?"

"தங்கத்துக்கு எவனும் கான்கிரீட் வேலை தர மாட்டான். வழிய விடு."

அவள் செய்தது சரி என்று அவர் சொன்னார். பக்கத்தில் நின்றவரும் சொன்னார். சொல்லட்டும். இவர்கள் யாருடைய மாப்பிள்ளையும் அந்தச் சுவரில் நின்று சாகவில்லை. பூசிவிட்டிருந்தால் அவர் கட்டியது அங்கேயே நின்றிருக்கும். பஸ்ஸும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு ஒப்பவில்லை.

கீழே சம்மட்டி மாற்றி மாற்றி விழுந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் கேட்காது என்று வேகமாக நடந்தேன். தாண்டின பிறகும் கேட்டது.